கிருஷாந்தனின் அச்சுக்கு ஒரு தாங்கி

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு. அழைப்பு என் அண்ணன் மனைவி பாயிஸா மதினியின் தொலைபேசியிலிருந்து. பேசியது அவரல்ல, கராஜுக்குப் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் சுரேஸ்.

"ஹபீலா மிஸ், நானா கராஜுல விழுந்துட்டாரு" என்றான்.

விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டேன்.  "கொண்டுபோய்க் கூட்டிட்டும் வந்துட்டோம். நீங்க வாங்க மிஸ்" என்றான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனதும் வீட்டில் நிற்க முடியாமல் நான் கராஜுக்குள் போனேன். வீட்டின் பின்கதவைத் திறந்தால் கராஜ். அங்கே, நடுவில், நானா கட்டிய தாங்கி நின்றது. சாம்பல் நிறப் பெயின்ட் பூசி, வெல்டிங் தழும்பெல்லாம் தேய்த்து, புதுக் கட்டில் போல இருந்தது. அதன் மேல் ஒரு ஜீப்பின் முன் அச்சு, துருவும் மண்ணுமாக, குறுக்கே கிடந்தது. இடது நுனியில் காந்தம் வைத்த கோணமானி ஒட்டியபடியே இருந்தது. அதன் முள் அசையாமல் நின்றது.

என் அண்ணன் பஹீம் நானா கண்டிக்குத் தெற்கே கம்பளையில் ஜீப்புகளின் முன் அச்சைத் திருத்துகிறவர். இருபத்தைந்து வருடமாக அதையே செய்தார். அந்த வேலையை எனக்கு விளங்கியவரையில் சொல்கிறேன்; அதைச் சொல்லாமல் அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்ல முடியாது.

தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிஷன்களுக்கு ஏறும் பாதைகள் வெறும் கல். அவற்றில் ஆட்களையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளின் வயிறு கல்லில் இடிக்கும். அதனால் உரிமையாளர்கள் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நாலைந்து அங்குலம் உயர்த்துவார்கள். உயர்த்தினால் முன் அச்சு இருந்த நிலையிலிருந்து சற்றுச் சுழன்றுவிடும். சைக்கிளின் முன் கவை பின்புறம் சாய்ந்திருப்பதால்தான் ஹேண்டிலை விட்டாலும் சக்கரம் நேரே போகிறது. ஜீப்பின் முன் சக்கரங்களுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. அது குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வண்டி பாதையில் அலையும்.

இதைச் சரிசெய்ய, அச்சுக் குழாயின் இரண்டு நுனியிலும் சக்கரத்தைத் தாங்கும் முட்டிகளை வெட்டி, வேண்டிய அளவு சுழற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

கண்டிப் பக்கத்தில் மட்டமான தரை கிடைப்பது அரிது. நானாவின் கராஜ் தரையும் தண்ணீர் ஓடுவதற்காகப் பின்சுவரிலிருந்து வாசலிலுள்ள வடிகால் கான் வரை சரிந்தே இருந்தது. அவர் இரண்டு மரக்குற்றிகளைப் போட்டு, அதன் மேல் அச்சைக் கிடத்தி, சரிவை ஈடுகட்ட ஆப்புகளைச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே வெட்டுவார். ஆப்பின் தடித்த பக்கம் எப்போதும் கானைப் பார்த்திருக்க வேண்டும். வெல்டிங் வயர் குட்டை. பக்கச் சுவரோரமாக இருக்கும் நுனிக்குத்தான் எட்டும். ஒரு பக்கத்தை ஒட்டி முடித்ததும் அச்சை அப்படியே முழுதாகத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தை ஒட்டுவார். திருப்புவது, ஆப்பு வைப்பது, ரசமட்டம் பார்ப்பது. இந்த மூன்றையும் அவருடைய கை அந்த வரிசையிலேயே செய்யும். யோசித்துச் செய்வதில்லை.

கிருஷாந்தன் ஹேவாஹெட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். சொந்த ஜீப். பேச்சு ஓயாத ஆள். அவன் வந்தால் மதினி குசினியிலிருந்தே சிரிப்பது கேட்கும். அவனுடைய அச்சை நானா திருத்திய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. இடது பக்கம் ஒட்டி முடிந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானது. வழக்கம்போல ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுக் கிளம்பினார். கிருஷாந்தன், தான் அங்கேயே இருப்பதாகச் சொன்னான்.

"நீங்க போய் எனக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க நானா. இந்த எக்ஸல நான் பாத்துக்கிறேன். ஓடியா போயிரும்?"

நானா திரும்பி வந்தபோது அச்சு திருப்பிப் போடப்பட்டிருந்தது. வலது நுனி பக்கச் சுவரோரமாக, வயர் எட்டும் இடத்தில் இருந்தது. அவன் தனியாளாக ஒவ்வொரு நுனியாகத் தூக்கித் தூக்கி நகர்த்தியிருந்தான். வேலை சுருக்கமாக முடியட்டும் என்றுதான். மதினி அனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "எல்லாத்தையும் இருந்த மாதிரியே வச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான்.

நானா வலது பக்கத்தை ஒட்டினார். மாலையில் ஜீப் போனது.

இருந்த மாதிரி என்றால் எப்படி? ஆப்பின் தடித்த பக்கம் அச்சின் எந்தப் புறத்தில் இருந்ததோ அதே புறத்தில் வைத்திருந்தால், அச்சு திரும்பியபோது ஆப்பும் திரும்பியிருக்கும். தடித்த பக்கம் கானைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்திருக்கும். தரையின் சரிவும் ஆப்பின் சரிவும் சேர்ந்து வலது பக்கத்தின் அளவு கூடியிருக்கும், இடது பக்கம் அதைவிடக் குறைவாகியிருக்கும். ரசமட்டம் வைத்திருந்தால் அது உடனே காட்டியிருக்கும். ஆனால் அன்று அச்சைத் திருப்பியது நானாவின் கை அல்ல. அதனால் அதற்குப் பின்னால் வரும் மற்ற இரண்டையும் அந்தக் கை செய்ததா என்பது அவருக்கு நினைவில்லை.

இந்தக் கேள்வி அப்போது எழவில்லை. கொஞ்சக் காலம் கழித்துக் கிருஷாந்தன் ஒருமுறை தொலைபேசியில் வேறு ஏதோ பேசும்போது, வண்டி சாடையாக இடது பக்கம் இழுக்கிறது என்று சொன்னானாம். டயருக்குக் காற்றைப் பார் என்று நானா சொன்னார். அவ்வளவுதான் அன்று பேச்சு.

மாசி மாதம், தோட்டத்துக் கோயில் திருவிழா நாளில், ஆட்களை மேலே இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில், ஒரு வளைவில் ஜீப் இடது பக்கப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டிவந்த கிருஷாந்தன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். பனி, வேகம் என்று பொலிஸார் முடிவுசெய்தார்கள். திருவிழா நாள் என்பதால் குடித்திருப்பான் என்று ஊர் முடிவுசெய்தது. நானாவைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

செத்த வீட்டிலிருந்து வந்த மறுநாள் முதல் நானா முன் அச்சு வேலையை எடுக்கவில்லை. வந்தவர்களிடம் இடுப்பு வலி என்றார். பிரேக், கிளட்ச் என்று சில்லறை வேலைகளைச் செய்தார். மதினி என்னிடம் தொலைபேசியில் சொன்னார், சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருக்கிறாராம். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று பள்ளியில் சொன்னவர்களிடம் தலையாட்டிவிட்டு வந்து, அந்த மரக்குற்றிகளின் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பாராம். கேட்டதற்கு ஒரு நாள் சொன்னது இது:

"மட்டம் வச்சனா இல்லயாண்டு எனக்குத் தெரியோணும். வச்சதுண்டா நான் தூங்கலாம். வெக்கல்லண்டா அதையும் தெரிஞ்சிக்கிட்டு நான் இருக்கோணும்."

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. நொறுங்கிய ஜீப்பை கலகெதரவில் ஒரு பழைய இரும்புக்காரர் வாங்கிப் போட்டிருந்தார். முன் அச்சு இன்னும் கழற்றப்படாமல் கிடந்தது. வெல்டிங் மாறாது. முட்டி எந்தச் சாய்வில் ஒட்டப்பட்டதோ அந்தச் சாய்விலேயே இருக்கும். அளந்தால் தெரிந்துவிடும்.

ஆனால் கேட்காமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கிருஷாந்தனின் மனைவி நிரோஷினியிடம் போய்ச் சொன்ன பிறகே எடுப்பேன் என்றார். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குத் தான் மட்டும் போவது சரியில்லை என்று என்னையும் அழைத்துப் போனார்.

நிரோஷினி எங்களுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நானா நேரடியாகவே சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை, அச்சைத் திருப்பியது, ஆப்பு, எல்லாவற்றையும்.  தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"அவரா திருப்புனாரு?" என்று கடைசியில் கேட்டாள்.

"எனக்கு உதவிக்குத்தான் தங்கச்சி."

"அப்படித்தான் செய்வாரு." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "எம் மகள்கிட்ட ஸ்கூல்ல, ஒங்கப்பா குடிச்சிட்டுத்தானே விழுந்தாருன்னு கேக்குறாங்க நானா. அன்னைக்கு அவரு தொடல. எனக்குத் தெரியும். நான் சொன்னா யாரு நம்புறாங்க? பொண்டாட்டி அப்படித்தானே சொல்லுவான்னு சொல்றாங்க."

நானா தலை குனிந்தார்.

"எடுத்துக்கங்க. பாத்துட்டு எதுவா இருந்தாலும் நீங்களே வந்து எங்கிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது."

"வல்லாஹி, மறைக்க மாட்டேன்."

அன்று மாலையே திரும்பினோம். கலஹாவைத் தாண்டும்போதுதான் எனக்கும் அது விளங்கியது. அச்சு சரியாக இருந்தால் நானா தூங்கலாம். கிருஷாந்தன் குடிகாரனாகவே இருப்பான். பிழையாக இருந்தால் அந்தப் பிள்ளையின் தகப்பன் குடிக்கவில்லை என்று ஆகும். அவனைக் கொன்றது என் நானாவின் கை என்றும் ஆகும்.

அச்சு கம்பளைக்கு வந்து சேர்ந்தது. இனி அதைக் குற்றிகளின் மேல் கிடத்தி அரை மணித்தியாலத்தில் அளந்திருக்கலாம். சுரேஸும் அதைத்தான் சொன்னான். அந்தத் தரையை ஒருமுறை நம்பினது போதும் என்று நானா மறுத்துவிட்டார். தரை எப்படி இருந்தாலும் தன் மட்டத்தில் தானே நிற்கும் ஒரு தாங்கி கட்ட வேண்டும், அதில் அச்சைத் திருப்பவே தேவைப்படக் கூடாது, வெல்டிங் பிளாண்டுக்கும் சில்லுச் சக்கரம் பூட்டி அது இரண்டு பக்கமும் போக வேண்டும் என்றார். அப்படி ஒன்று முன்பே இருந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

பழைய லொறி ஒன்றின் சட்டத்திலிருந்து சானல் இரும்பை வெட்டி அடித்தளம் செய்தார். அதன் இரண்டு கோடியிலும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு தூண்கள். தூண்களின் தலையில், தடித்த குழாயை நீளவாக்கில் பிளந்து செய்த பிடிகள். அச்சுக் குழாய் கீழ்ப்பாதியில் உட்கார, மேல்பாதியை வைத்து நட்டுப் பூட்டி இறுக்கினால் அசையாது. நட்டைத் தளர்த்தினால் அச்சை இருந்த இடத்திலேயே உருட்டி, வேண்டிய சாய்வில் நிறுத்தலாம். ஒற்றை ஆள் போதும். நாலு காலிலும் பெரிய திருகாணி வைத்தார், ஏற்றி இறக்க. மட்டம் பார்க்க ரசமட்டத்தை அவர் தொடவில்லை. கொத்தனாரிடமிருந்து தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் ஒன்றை வாங்கி வந்தார்.

சுரேஸ் ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பார்ப்பான். பிடிகளைக் கடைந்து கொடுத்தவனும் அவன்தான்.

"என்ன நானா, தொட்டில் மாதிரி இருக்கு. பிள்ளை எப்ப?"

"பிள்ள வந்துட்டு. கெடத்தத்தான் இடம் பாக்கிற."

சுரேஸ் அதற்குப் பிறகு அந்தப் பகிடியைச் சொல்லவே இல்லையாம்.

வைகாசியில் முடிய வேண்டிய தாங்கி ஆவணி வரை போனது. ஒரு பிடி சற்றுப் பெரிதென்று வெட்டி எறிந்தார். வெல்டிங் தழும்புகளைத் தேய்த்தார். திருகாணிகளுக்குக் கிறீஸ் பூசினார். பிறகு பெயின்ட். முதலில் சிவப்பு அடிப்பூச்சு, காய்ந்த பிறகு சாம்பல் நிறம், அதன் மேல் இன்னொரு தரம். நெஞ்சில் குத்துகிறது என்றவர் அதை வாயு என்று சொல்லி இஞ்சி குடித்தார். டாக்டரிடம் போகச் சொன்னதற்கு, இது முடியட்டும் என்றார்.

இரண்டாம் தரம் பெயின்ட் பூசிய அன்று நான் அங்கே இருந்தேன். மதினி பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இன்னும் எத்தன தரம் பூசப் போற? கலியாண வீடா?"

"துருப்புடிக்கும் பாயிஸா."

"துருவுக்கில்ல நீங்க பயப்படுற. முடிஞ்சிடும்ண்டு."

நானா தூரிகையைத் தகரத்தின் விளிம்பில் வழித்தார்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுரேஸைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அச்சைத் தூக்கிப் பிடிகளில் வைத்தார்கள்.

திங்கள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு என்னை அழைத்தார். குரல் தெளிவாக இருந்தது. மட்டக்குழாய் பிடித்து நாலு காலையும் சரிசெய்தாயிற்று. விழுந்ததில் அச்சே வளைந்திருக்கும், அளப்பதில் பயனிருக்காது என்று சுரேஸ் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பார்த்தார்களாம்.

"வளையல்ல. நேராத்தான் ஈக்குது" என்றார். வளைந்திருந்தால் கேள்வி அங்கேயே நின்றிருக்கும். அந்த வழியும் அடைபட்டது.

"இடது பக்கம் அளந்த. நான் வச்ச அளவுதான். கொஞ்சமும் மாறல்ல."

"வலது?"

"நாளைக்கு. பல்பு வெளிச்சத்துல முள்ளு நிக்கிற இடம் சரியா வெளங்கல்ல."

அங்கே புதிய பல்பு போட்டிருந்தது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவர் தொலைபேசியை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஹபீலா, பிழையா ஈந்தா அந்தப் பிள்ளைக்கு நல்லம், இல்லையா?"

"நானா, சும்மா இருங்க."

"நல்லம்தான். நாளைக்குப் பின்னேரமே ஹேவாஹெட்ட போவோம். நீயும் வா."

மறுநாள் காலை கராஜைத் திறந்தார். பத்து மணி போல மதினி தேத்தண்ணீர் கொண்டுபோனபோது இடது நுனியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம், கோணமானியைப் பார்த்தபடி. வைத்துவிட்டுப் போ என்றார். கொஞ்ச நேரத்தில் தன் பட்டறையிலிருந்த சுரேஸ் கராஜில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு வந்தான். தேத்தண்ணீர் குடிக்கப்படாமல் இருந்தது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று நிரோஷினி வந்தாள். செய்தியைச் சுரேஸ் சொல்லியிருக்கிறான். மதினி, விதவை நாலு மாதம் வீட்டோடு இருக்கும் இத்தாவில், உள்ளறையில் வெள்ளை உடுத்திப் பாயில் இருந்தார். நிரோஷினியை நான் உள்ளே அழைத்துப் போனேன். அவளும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பொட்டில்லாத நெற்றி. இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. மதினிதான் முதலில் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள்.

பிறகு நிரோஷினி கேட்டாள். "பாத்தாராக்கா?"

மதினி என்னைப் பார்த்தார். நான் தெரிந்ததைச் சொன்னேன். நூல் நேர். இடது பக்கம் சரி. வலது பக்கம் பார்க்கவில்லை.

"அத வேற யாரும் பாக்கலாமா?"

முற்றத்தில் நின்ற சுரேஸ் ஜன்னலருகே வந்தான். மதினி, நானா எல்லாம் சரிபண்ணித்தான் வச்சிருக்காரு, மானியைக் கழற்றி அந்தப் பக்கம் ஒட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும் என்றான்.

"வேணாம்" என்றார் மதினி.

நிரோஷினி அவர் கையை விடவில்லை. "அக்கா, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. இந்த வீட்ல இன்னைக்கு இதக் கேக்கக் கூடாதுன்னு தெரியும். எம் புள்ளைக்கு ஒரு பதில் வேணும்."

"வெளங்குது தங்கச்சி. எனக்கு ரெண்டு ஆம்புளப் புள்ளைகள் ஈக்கிறாங்க." மதினியின் குரல் உயரவில்லை. "வாப்பாட கைப்பிழையில ஒரு ஆள் மௌத்தாப் போனாண்டு அவங்க கேக்கோணுமா? அவரு இருந்து அவரே சொன்னா அது வேற. அவரு சொல்லியிருப்பாரு. இப்ப இரும்பு சொல்லப்போகுது, பதில் சொல்ல அவரு இல்ல."

"இரும்பு அவரு நல்லவருன்னும் சொல்லலாமே."

"சொன்னா உங்கட புள்ளக்கி நீங்க என்ன சொல்லுவீங்க?"

 நிரோஷினி நான் வைத்த தேத்தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தாள். போகும்போது கராஜைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மதினி தலையசைத்தார்.

அவள் தாங்கியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பெயின்ட் பூசிய தூணைத் தொட்டுப் பார்த்தாள். அச்சின் குழாயில் ஒட்டியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டினாள். அது அந்த வளைவின் மண். கோணமானியின் அருகே நின்று, இது எதைக் காட்டுகிறது என்று கேட்டாள். இடது பக்கச் சாய்வை என்றேன். இப்படித்தான் இருக்க வேண்டுமா என்றாள். ஆம் என்றேன். அதைக் கழற்ற அவள் கையை நீட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, மகள் பள்ளி விட்டு வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சுரேஸ் ஷட்டரை இறக்கிப் பூட்டினான். சாவியை மதினி என் கையில் கொடுத்தார். இத்தா முடிந்து யோசிப்போம் என்றார். இத்தா முடிந்துவிட்டது. இதுவரை யாரும் சாவியைக் கேட்கவில்லை. நிரோஷினியும் அழைக்கவில்லை. அச்சு இன்னும் தாங்கியில்தான் இருக்கிறது, மானி இடது நுனியில். வலது பக்கம் அளக்கப்படவில்லை.